முட்டைத் திருடி

எங்கள் யூத வீடுகளில் முட்டையை நேரே மாவில் உடைக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகக் கோப்பையில் உடைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எங்களுக்கு விலக்கு; ரத்தப்பொட்டு இருந்தால் கீழே கொட்டிவிட வேண்டும். அன்று அம்மா அப்படித்தான் உடைத்துக்கொண்டிருந்தாள்.

யூதர்களைத் தேடிப் பிடித்துக் கொன்ற போர்க்காலம் அது; உயிர் பிழைக்கக் கிறிஸ்தவர்களாக நடித்துக்கொண்டிருந்தோம். லூப்ளினில் ஸ்டெஃபானியா அம்மாள் வீட்டில் அப்போது அவள் சமையல்காரி யானினா. நான் அவள் மகள் ஹாலினா. ஃபிரைடா, கித்தல் என்ற சொந்தப் பெயர்களைத் தூக்கத்தில்கூட உளறக்கூடாது. சிலுவை போடுவதிலிருந்து ஜெபம் வரை எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகிவிட்டது.

அம்மா கோப்பையோடு கழிவு வாளிப் பக்கம் திரும்பியபோது, எஜமானியின் நாத்தனார் வெரோனிகா வாசலில் நின்றிருந்தாள். கேக்குக்கு முட்டை கொண்டுவந்தவளே அவள்தான். போர்க்காலத்தில் முட்டை தங்கத்துக்குச் சமம்.

"எங்கே கொண்டு போறே அதை?"

கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் கருவில் சின்னதாக ஒரு சிவப்பு.

"எங்க பழைய வீட்டுக்காரியும் இதைக் கண்டா கொட்டிடுவா. அவ என்ன சாதின்னு தெரியுமில்ல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொட்டுவேனாம்மா? ஒண்ணை ஒளிச்சு வெச்சுக் குடிக்கலாம்னு பார்த்தேன். பசி தாங்கல. மன்னிச்சிருங்க."

சொன்னவள் கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். தாத்தா இருந்தால் அழுதிருப்பார்.

"திருட்டு நாயே!" என்றாள் வெரோனிகா. அந்த வசவு எனக்கு அத்தனை இனிப்பாக இருந்தது. பிறகு அவள் என் பக்கம் குனிந்தாள். "உங்கம்மா தினமும் இப்படித்தானாடி?"

"ஆமா. எனக்குக்கூடத் தராம முழுங்கிடுவா" என்றேன். பயத்தில் நிஜமாகவே அழுகை வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

வெரோனிகா சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"கண்ணு, ஜன்னல்ல பாரு" என்றாள் அம்மா. "சந்தைப் பக்கம் போனா, அங்கே போயிருக்கிற எஜமானிகிட்ட கோள் சொல்லத்தான். ரெண்டு அறையோட போயிரும்."

மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. எனக்கே தெரியும், போலீஸ் சாவடி.

மீதி முட்டைகளை அம்மா குனிந்துகூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாக நேரே மாவில் உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடெல்லாம் மாவில் விழுந்தது.

"எந்தப் பக்கம் போறா?"

தெருமுனையில் வெரோனிகா தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தது.

"இன்னும் நிக்கிறா அம்மா" என்றேன்.