எல்லோரும் சுற்றிப் போகிற இடம்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தங்கை சொன்னது. சொன்ன கையோடு, எழுதிவிடாதே என்றும் சொன்னாள். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் மனமிரங்கினாள்: “எழுதிக்கோ. ஆனா காரணம் மட்டும் கண்டுபிடிச்சுப் போடாதே.” ஆக, இது காரணம் இல்லாத கதை. ஒத்துவராதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கட்டடங்களுக்கும் நினைவு உண்டு, அவை—”

அடித்துவிட்டேன். கட்டடங்கள் ஒழுகும், விரிசல் விடும். அவ்வளவுதான்.

2.

தங்கை கட்டடங்களை வடிவமைக்கிறவள். பென்சில் பிடிப்பதில்லை, கணக்கு எழுதுவாள். எவ்வளவு வெளிச்சம் வேண்டும், கூரை எவ்வளவு சுமை தாங்க வேண்டும், ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதையெல்லாம் எண்ணாக்கிக் கணினிக்குக் கொடுத்தால் அது வடிவங்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கும். தேறியதைப் பொறுக்கி மறுபடி வளர்ப்பாள்.

ஒரு மருத்துவமனை, பழைய கூடத்தை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வேலையை அவளிடம் கொடுத்தது. அறுவை சிகிச்சைக்கு உள்ளே போனவர்களின் வீட்டார் காத்திருக்கும் கூடம். அவள் மேலே கேமரா பொருத்தினாள். முகம் வேண்டாம், நடந்த தடம் மட்டும் கோடாக வந்தால் போதும். அந்தக் கோடுகளைக் கணக்கில் ஊட்டினாள்.

வந்த வடிவங்கள் எல்லாவற்றிலும், நடுவில் சற்று இடப்பக்கமாக, கூரை தரைவரை இறங்கி ஒரு சின்ன இடத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. கதவில்லாத அறை. ஒரு ஆள் நிற்கலாம். (“ஒளிந்திருக்கலாம்” என்றுதான் முதலில் எழுதினேன், உங்களைப் பயமுறுத்த. நிற்கலாம் என்பதே போதும்.)

கணக்கில் பிழை என்று நினைத்தாள். அவளோடு வேலை செய்யும் பொறியாளர், வளைவைக் கண்டாலே முகம் சுளிப்பதால் ‘நேர்கோடு’ என்று பெயர் வாங்கியவர், பிழை எதுவும் இல்லை என்றார். தடங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எல்லாக் கோடுகளும் அந்த இடத்தில் பிரிந்து, தாண்டியதும் சேர்ந்தன. பாறையைச் சுற்றும் தண்ணீர் போல.*

அங்கே தூண் இருக்கும், போய்ப் பார் என்றார்.

* பழைய உவமைதான். திரையில் அப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்ய?

3.

தூண் இல்லை. நண்பகல் வெளிச்சத்தில் வெறும் தரை. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள், சரிவில்லை. மேலிருந்து காற்று இறங்கவில்லை. ஃபிளாஸ்க்கோடு வந்தவர்களும் போனில் பேசிக்கொண்டே போனவர்களும் அங்கே வந்ததும் கீழே பார்க்காமலே விலகினார்கள். ஒரு பெரியவரிடம் ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“யாரு, நானா? நேராத்தானேம்மா வந்தேன்.”

தானே நடந்து பார்த்தாள். எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைக் குறிவைத்து, பார்வையை எடுக்காமல், நேராகக் கடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தன்னையே நினைத்துச் சிரித்தபடி அலுவலகம் திரும்பி, தன் தடத்தைத் திறந்தாள்.

அது வளைந்திருந்தது.

4.

இங்கேதான் என் கை அரித்தது. அந்த இடத்தில் காத்திருந்தே இறந்துபோன ஒரு தாயை எழுதிச் சேர்த்தேன். நன்றாகவே வந்திருந்தாள், நீலக் குடையெல்லாம் வைத்திருந்தாள். தங்கை படித்துவிட்டுக் கேட்டாள்: “யாரையாவது சாகடிச்சாத்தான் உனக்குக் கதையாக்கா?”

தாயை எடுத்துவிட்டேன். குடையும் போயிற்று.

நடந்தது இதுதான். பயன்படாத அறைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள் என்று நேர்கோடு அடித்துச் சொன்னார். தங்கை அந்த இடத்துத் தடங்களை மட்டும் கணக்கிலிருந்து அழித்தாள். விசையை அழுத்தும்போது, உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுப்பிவிடுவதுபோல் கூச்சமாக இருந்ததாம். கூரை உடனே சமமாக விரிந்துகொண்டது. எல்லோரும் பாராட்டினார்கள். பழைய தரையைத் தோண்டியபோது கீழே மண் மட்டுமே இருந்தது. புதுக் கூடத்தில் வாசல் மாறியது, நாற்காலிகளின் திசை மாறியது.

5.

பிறகு அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. அதே மருத்துவமனை. நாங்கள் இருவரும் அவள் வடிவமைத்த கூரையின் கீழ் உட்கார்ந்தோம். அழகான கூரை. எந்த இடம் என்று கேட்டேன். அவள் கை காட்டவில்லை, நீயே பார் என்றாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே இடத்தில் விலகி நடந்தார்கள். அப்போது என் உடம்பெல்லாம்—

இல்லை, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்தேன்.

ஆபரேஷன் முடிந்து அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தள்ளிய இருவரும் ஏதோ பேசிக்கொண்டே அந்த இடத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பினார்கள். அப்பா மயக்கத்தில் இருந்தார், கண் மூடியிருந்தது. வண்டி திரும்பும்போது காலை மெல்ல மடக்கிக்கொண்டார், பஸ்ஸில் நிற்கிறவருக்கு இடம் விடுவதுபோல. உதடு அசைந்தது. முனகினார் என்கிறேன் நான். “உக்காருங்க”ன்னு சொன்னார் என்கிறாள் தங்கை.

அவருக்கு ஒன்றும் நினைவில்லை. தேறிவிட்டார், உப்பில்லாத சாப்பாட்டுக்காக எங்களோடு சண்டை போடுகிறார்.

6.

நாளை அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம். இந்த முறை அந்தக் கூடத்தைத் தன் காலால் நடந்து கடக்கப்போகிறார். எவருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத மனுஷன். நான் கையைப் பிடித்திருப்பேன், தங்கை பின்னால் வருவாள்.

முடிவை நான் எழுத முடியாது. நடக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதுதானே இதில் உள்ள சிக்கல். ஓரமாக ஒரு நாற்காலி பார்த்து நீங்கள் உட்காருங்கள். நாங்கள் கடப்பதைக் கவனியுங்கள்.

பார்த்ததை எங்களிடம் சொல்ல வேண்டாம்.