பாதிவிலைக்காரர் வீட்டுப் பர்கர்

பாதிவிலைக்காரர் வீட்டு அடுக்களையில் யாராவது பொய் சொன்னால் பர்கர் சுருங்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அடுப்பைக் குறை சொல்லி மாற்றினாள், அடுத்து கறிக்கடையை மாற்றினாள், அப்புறம்தான் குறை புருஷன் வாயில் என்று பிடிபட்டது. மனிதர் தரைவிரிப்பு விற்கிறவர். எதைத் தொட்டாலும் உங்களுக்காகப் பாதி விலை என்று தொடங்குவதால் வந்த பெயர். அடுக்களையில் நின்றபடி போனில் எனக்கே கட்டுப்படியாகவில்லை என்று யாரிடமாவது உருகினால், பன்னுக்குள் வைக்கும் உள்ளங்கை அகலக் கறித்தட்டை ஒரு விரல்கடை சுருங்கிவிடும். விருந்தாளிகள் அதற்கு மினி பர்கர் என்று பெயர் வைத்து, கேட்டு வாங்கித் தின்றார்கள். மேலே தடவும் அவகாடோ மட்டும் எந்தப் பொய்க்கும் மசியாது, ஓரத்தில் வழியும். அவள் கொஞ்சமாகத் தடவப் பழகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் தம்பியும் நாலைந்து சிநேகிதர்களும் சும்மா பேசிச் சிரிக்க வருவதாக ஏற்பாடு. கொத்துக்கறியில் வெங்காயமும் மிளகும் பிசைந்து, தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். தொண்டைக் கரகரப்புக்கு டாக்டரைப் பார்க்கப் போயிருந்த கணவர் வந்தார். கேட்காமலே ஒரு அவகாடோவை எடுத்துக் கொட்டையைச் சுற்றிக் கீறினார், எலுமிச்சை பிழிந்தார். அடுக்களையில் துரும்பைக்கூட நகர்த்தாத மனிதர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

கல்லில் கிடந்தவை எல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்குப் போய்விட்டன. இரண்டு பேரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி நின்றார்கள். அவளும் வியாபாரி வீட்டுப் பெண். அழுதால் எதிராளி நழுவிவிடுவான் என்று தெரிந்தவள். சுருங்கியவற்றை ஒதுக்கிவிட்டு அடுத்த ஈட்டைக் கல்லில் போட்டாள்.

"முழுசா வேணாங்க. பாதி சொல்லுங்க."

அவர் அவகாடோவை மசித்துக்கொண்டே இருந்தார். கூழாகிப் போன பிறகும் மசித்தார். தொண்டையில் ஒரு கட்டியாம். கல்லில் எதுவும் அசையவில்லை.

"மீதி?"

"வெட்டி எடுக்கணுமாம். குரல் போனாலும் போயிடுமாம்."

ஒன்றும் சுருங்கவில்லை. அவள் அது சுருங்க வேண்டுமென்று கல்லையே முறைத்தாள். பிறகு, ஏன் மறைத்தீர்கள் என்றாள். விருந்து முடியட்டும் என்று பார்த்ததாகச் சொன்னார். கறித்தட்டைகள் நூலளவு உள்வாங்கின. அவர் கரண்டியை வைத்தார். "பயமா இருந்துச்சு" என்றார். அத்தோடு நின்றது.

விருந்தாளிகள் நேரே அடுக்களைக்குள்தான் வந்தார்கள். தம்பி முதல் ஈட்டில் ஒன்றை நகத்தால் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, எறும்புக்குப் பந்தியா?" என்றான். யாரும் சிரிக்காததால் அக்காவைப் பார்த்தான். அவள் சொன்னாள், எதையும் குறைக்காமல் சொன்னாள். தம்பி அத்தான் தோளில் கை வைத்தான்.

"சரியாயிடும் அத்தான்."

அந்த வீட்டு வழக்கம் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். அத்தனை கண்களும் இரண்டாம் ஈடு அடுக்கிய தட்டுக்குப் போயின. பன், கறி, பச்சையாக அவகாடோ, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நம்பிச் சொன்னதை அந்த அடுக்களை பொய்யில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. சூடு ஆறிவிடும் என்று அவள் தட்டைக் கணவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, மெதுவாக விழுங்கினார்.