இரண்டாவது கட்டம்

“எனக்கு இன்னும் செகண்ட் பாக்ஸ்தான் சரின்னு தோணுது டீச்சர்” என்றார் நூருன்னிசா.

தாரணி வெள்ளைப் பலகையிலிருந்து திரும்பவில்லை. இதே கேள்விக்கு இரண்டு முறை விளக்கம் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், கைப்பேசிக் கடைக்கு மேலே இருந்த அந்த மாடியறையில், ஜன்னல்களை மூடிவைத்தும் கீழே கூடிநின்ற கூட்டத்தின் பேச்சு படியேறி வந்துகொண்டிருந்தது. ஏர்கான் ஒழுகியது. அதற்கடியில் வைத்திருந்த பச்சை வாளியில் சொட்டு விழும் சத்தம் காலையிலிருந்தே அவளை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் ஆறு பேர். எல்லோருமே வேறு நாட்டுக்குப் போவதற்காக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள். எல்லோருக்குமே வாரத்தில் இந்த ஒரு நாள்தான் விடுமுறை.

வாசிப்புத் தாளில் அது ஒரு வகைக் கேள்வி. ஒரு பத்தி இருக்கும். அதன் வாக்கியங்களுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக நான்கு கறுப்புக் கட்டங்கள் இருக்கும். தனியாக ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதை எந்தக் கட்டத்தில் செருகினால் பொருந்தும் என்று கேட்பார்கள். தாரணி நான்கு ஆண்டுகளாக இதற்கு வழிமுறை சொல்லிக்கொடுக்கிறாள். கொடுத்த வாக்கியத்தில் ‘இந்த’, ‘அவை’, ‘ஆனால்’, ‘இதனால்’ என்று ஏதாவது கொக்கி இருக்கிறதா பாருங்கள். அது எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று தேடுங்கள். முந்தைய வாக்கியத்தில் அந்தச் சொல் கிடைத்தால் அங்கேதான் இடம். செருகிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள், அடுத்த கேள்விக்குப் போங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

பத்தி பாலைவனத் தவளைகளைப் பற்றியது. வறட்சி வந்தால் அவை மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் என்றது முதல் வாக்கியம். மழைத்துளியின் அதிர்வு கேட்டதும் மூச்சு வேகமாகி உடம்பை நீட்டும், ஆனாலும் மண் முழுக்க நனையும்வரை காத்திருந்துதான் மேலே வரும் என்றது இரண்டாவது. வந்த சில மணி நேரத்துக்குள் குட்டைகளில் முட்டையிடும் என்றது மூன்றாவது. செருக வேண்டிய வாக்கியம் இது: ‘இந்தக் காத்திருப்பின்போது அவற்றின் இதயம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறையே துடிக்கும்.’

“காத்திருத்தல்னு வார்த்தை எங்க வருது? ரெண்டாவது சென்டென்ஸ்ல. அப்ப அதுக்குப் பின்னாடி, தேர்ட் பாக்ஸ். விடைப் பட்டியல்லயும் அதான் இருக்கு” என்றாள் தாரணி.

“வார்த்தை அங்க இருக்கு டீச்சர். ஆனா மழை வந்ததும் அது முழிச்சிடுச்சே. முழிச்ச உடம்புக்கு பல்ஸ் ஏறத்தானே செய்யும்? ஒண்ணு ரெண்டுன்னா அது மண்ணுக்குள்ள கிடக்கும்போதுதான்.”

“அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சத வச்சு ஆன்சர் பண்ணக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? பேப்பர்ல இருக்கறத மட்டும் பாருங்க. நீங்க இங்க நர்ஸா வந்திருக்கீங்களா, ஸ்டூடண்டா வந்திருக்கீங்களா?”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். நூருன்னிசா பென்சிலால் தான் போட்டிருந்த குறியை அழித்து, மூன்றாவது கட்டத்தில் புதிதாக ஒன்றைப் போட்டார். அழித்த துகள்களைப் பக்கத்தில் இருந்தவர்மேல் படாமல் உள்ளங்கையால் ஒதுக்கித் தன் பையின் ஓரத்தில் தட்டினார். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. சிராங்கூனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினாறு ஆண்டுகளாகத் தாதி வேலை. கணவர் ஃபாரூக் கனடாவுக்குப் போய் இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. அங்கே தாதியாகப் பதிவு செய்துகொள்ள இந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் முப்பதுக்கு இருபத்து நான்கு வேண்டும். முதல் முறை அவர் வாங்கியது இருபத்து இரண்டு. மகள் இன்ஷாவுக்குப் பதினைந்தாகிறது. அடுத்த கல்வியாண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் தினமும் பேச்சு.

தாரணிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்திருந்ததால்தான் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது. ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் தவறுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. அவளே அப்படித் தவறியவள்தான். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியராக இரண்டு ஆண்டு ஓடினாள். நிரந்தர வேலைக்கான நேர்காணலில் இரண்டு முறையும் பட்டியலில் அடுத்த பெயராக நின்றாள். ஆறு மாதம் இருக்கலாம் என்று இந்த மாடிக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நூருன்னிசா வகுப்பு முடியும் நேரத்தில் வந்தார். அன்று கூடுதல் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வேலை உடுப்பிலேயே இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி கைப்பேசியை நீட்டினார். இருபத்து மூன்று.

“ஒரு மார்க்” என்றாள் தாரணி.

“அந்த மாதிரி கேள்வி ஒண்ணு வந்துச்சு டீச்சர். பழைய ஊரு ஒண்ணுல தண்ணிக் குழாய் பதிச்சத பத்தி. முதல்ல ஒரு பாக்ஸ் போட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. வார்த்தையத் தேடினேன், வேற இடத்துல இருந்துச்சு. மாத்திட்டேன்.” கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “எது சரின்னு அவங்க சொல்ல மாட்டாங்கல்ல?”

“சொல்ல மாட்டாங்க.”

“அதான்.”

படியில் அவர் இறங்கும் சத்தம் நின்ற பிறகும் தாரணி பலகையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, பொங்கோல் வரைக்கும் போக வேண்டிய வழியில், பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்துத் தவளைப் பத்தியை எடுத்தாள். பாடம் நடத்துவதற்காக இல்லாமல், வெறுமனே படித்தாள். பூன் கெங் தாண்டும்போது முதல் தடவை. உட்லீயில் இரண்டாம் தடவை. மழைத்துளியின் அதிர்வு கேட்டதும் மூச்சு வேகமாகி. அந்தச் சொற்கள் அங்கேயேதான் இருந்தன. கறுப்பு மையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. மூச்சு வேகமாகிவிட்ட உயிருக்கு எப்படி இதயம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை துடிக்கும்? நூருன்னிசா தன் தொழிலறிவைக் கொண்டுவரவில்லை. பத்தியைப் படித்திருந்தார். ‘காத்திருந்து’ என்ற சொல், அவசரக்காரர்கள் வந்து மாட்டிக்கொள்ளட்டும் என்று அங்கே போட்டுவைத்த பொறி. அதில் விடைப் பட்டியல் எழுதியவர் விழுந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நான்கு ஆண்டுகளாக அவளும், கையைப் பிடித்து அழைத்துவந்த அத்தனை பேரும்.

அவளை அதிகமாகச் சுட்டது வேறொன்று. இந்தப் பத்தியை அவள் ஒருநாளும் படித்ததே இல்லை. விடையை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காரணத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறாள். பொங்கோலில் கதவு திறந்து, எல்லோரும் இறங்கி, துப்புரவு செய்கிற அம்மாள் உள்ளே வந்து அவளைப் பார்த்தபோதுதான் எழுந்தாள்.

அடுத்த மூன்று நாள் மாலையும் அவள் புத்தகத்தில் இருந்த நாற்பது செருகல் கேள்விகளையும் விடையை மறைத்துவைத்துப் போட்டுப் பார்த்தாள். விடைப் பட்டியலில் ஐந்து தப்பு. இன்னும் இரண்டில் அவளுக்கே சந்தேகம். புத்தகத்தைத் தொகுத்தவர் பயிற்சி நிலையத்தை நடத்தும் கபிலன். வியாழக்கிழமை அவருடைய மேசையில் பட்டியலை வைத்தாள்.

கபிலன் அதைக் கையில் எடுக்காமலே படித்தார். “ஐ நோ லா, தெரியும். தவளை கொஸ்டின் தப்புன்னு போன வருஷமே ஒரு ஸ்டூடண்ட் ஈமெயில் போட்டாரு.”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“நெக்ஸ்ட் பிரிண்ட்ல மாத்தலாம்னு இருந்தேன். தாரணி, யோசிச்சுப் பாருங்க. எக்ஸாமுக்குப் போறவங்களுக்கு வேண்டியது கான்ஃபிடன்ஸ். புக்கே தப்புன்னு சொன்னீங்கன்னா, அப்புறம் அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க? மெத்தட் சரிதானே? நாற்பதுல அஞ்சுதானே?”

“ஒரு மார்க்ல போயிருக்காங்க கபிலன்.”

“அது இதனாலதான்னு உங்களால ப்ரூவ் பண்ண முடியுமா?”

முடியாது. யாராலும் முடியாது. நூருன்னிசா மாற்றிய விடை சரியாகவே இருந்திருக்கலாம். அந்தப் புள்ளி வேறெங்கோ போயிருக்கலாம். தப்பு செய்தோமா என்றுகூடத் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒரு தப்பை என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. கபிலன் கெட்டவரும் அல்ல. ஏர்கானுக்கு ஆள் சொல்லியிருப்பதாகவும், வாளியை எடுத்துவிடலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பலகையில் ஐந்து எண்களை எழுதினாள். “இதுக்கெல்லாம் பின்னாடி போட்டிருக்கற விடை தப்பு. நான் சொன்ன விளக்கமும் தப்பு. பத்தியப் படிக்காம நடத்தியிருக்கேன்.” மருந்தகத்தில் வேலை பார்க்கும் சுஷ்மிதாவுக்கு வியாழக்கிழமை தேர்வு. அவள் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு, “அப்ப மத்ததெல்லாம் சரியா டீச்சர்?” என்று கேட்டாள். தாரணியால் ஆமாம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சுஷ்மிதாவின் முகம் சிறுத்துப்போனது. கபிலன் சொன்னதில் பாதி உண்மை என்று அந்த முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. மாலை ஐந்து மணிக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு வகுப்பை வேறொருவர் எடுப்பார்.

நூருன்னிசா அன்று வரவில்லை. அழைப்பையும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தாரணி சிராங்கூனில் இறங்கி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்த அந்தப் பராமரிப்பு இல்லத்தைத் தேடிப் போனாள். வரவேற்பில் பெயரைச் சொல்லிக் காத்திருந்தாள். இருபது நிமிடம் கழித்து நூருன்னிசா கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். தாரணி நின்றபடியே புத்தகத்தைப் பிரித்து, மூச்சு வேகமாகி என்ற இடத்தில் விரலை வைத்து, சொல்ல வந்ததைச் சொன்னாள்.

“இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“மன்னிச்சிருங்கக்கா.”

“மன்னிச்சா ஒரு மார்க் வந்துருமா டீச்சர்?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “தவளை கிடக்கட்டும். அது தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நர்ஸா வந்தீங்களா ஸ்டூடண்டா வந்தீங்களான்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்கல்ல? எக்ஸாம் ரூம்ல அந்தக் குழாய் கேள்வி வந்தப்ப, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன். நான் நினைக்கறது என் நினைப்பா, பேப்பர்ல இருக்கறதான்னு. அஞ்சு நிமிஷம் ஓடிப்போச்சு. கடைசி ரெண்டு கேள்விய நான் படிக்கவே இல்ல.”

தாரணிக்குக் காது சூடேறியது. விடைப் பட்டியலைத் திருத்தினால் சரியாகிவிடுகிற விஷயமாக இதை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். அது உள்ளே போகாமல் ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது.

உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நூருன்னிசா எழுந்து இரண்டடி போய்த் திரும்பினார்.

“அடுத்த மாசம் பத்தொன்பது மறுபடி புக் பண்ணியிருக்கேன். அவருகிட்ட இதுதான் கடைசின்னு சொல்லிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் மூணேகாலுக்கு எனக்கு ப்ரேக், அரை மணி நேரம். வர முடிஞ்சா வாங்க. அந்த புக் வேணாம். அப்புறம், நான் ஒண்ணு சொன்னா முழுசாக் கேக்கணும்.”

“கேக்கறேன்க்கா.”

வெள்ளிக்கிழமை அவள் மூன்று மணிக்கே போய்விட்டாள். நூலகத்தில் எடுத்த ஒரு அறிவியல் இதழிலிருந்து அவளே பத்தி ஒன்றைத் தட்டெழுதி, ஒரு வாக்கியத்தை வெளியே எடுத்து, நான்கு கட்டங்கள் போட்டிருந்தாள். விடையை எங்கும் எழுதிவைக்கவில்லை. இல்லத்தின் உணவுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின் வாடை இன்னும் போகவில்லை. நீண்ட மேசையின் மறுமுனையில் சக்கர நாற்காலியில் ஒரு சீன முதியவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை இரண்டு கைகளாலும் உருட்டிக்கொண்டிருந்தார். தோலில் நகம் இறங்கவில்லை.

நூருன்னிசா வந்து, தாரணிக்கும் அந்த முதியவருக்கும் இடையில் உட்கார்ந்து, தாளை இழுத்துக்கொண்டார். படிக்க ஆரம்பித்தார். ஒரு நிமிடம் போயிற்று. பிறகு இன்னொரு நிமிடம். பென்சில் முனை முதல் கட்டத்துக்கு மேல் போய் நின்றது, இரண்டாவதற்கு நகர்ந்தது, மறுபடி பத்தியின் தலைக்குப் போனது. கொக்கியைப் பாருங்கள், வார்த்தையைத் தேடுங்கள், நேரம் போகிறது என்று தாரணியின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பத்தொன்பதாம் தேதி இந்த நிதானம் இவரைக் காப்பாற்றுமா, கவிழ்த்துவிடுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நூருன்னிசா தாளிலிருந்து தலையைத் தூக்காமலே இடது கையை நீட்டி, முதியவரின் கையிலிருந்த பழத்தில் கட்டைவிரலை அழுத்தி, தோலில் ஒரு கிழிசலைத் திறந்துவிட்டார். முதியவர் அந்த இடத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார். பழத்தின் வாசனை மேசை முழுக்கப் பரவியது. சாறு பட்ட விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு, வலது கையில் பென்சிலை அப்படியே பிடித்தபடி, நூருன்னிசா அந்தப் பத்தியை மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.