துறைப் பெயரில் ஒரு சொல்

எம்பேயா நகரக் கல்லூரியில் செகெலா தலைமை வகித்த துறைக்கு 'அகிலி பண்டியா' என்று பெயர். சுவாஹிலியில் செயற்கை அறிவுக்கு அதுதான் புழக்கத்தில் இருந்த சொல். பிரித்துப் பார்த்தால் போலி அறிவு. கடைத்தெருவில் வாங்கிய வாரமே உயிரை விடும் கைபேசியும் 'பண்டியா'தான். துறைப் பெயரில் அந்தச் சொல் இருப்பதால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

அந்த ஆண்டு துக்குயு மலைக் கிராமங்களில் யாரோ போலி உரத்தை விற்றுவிட்டு மறைந்திருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், வாழையிலையைப் படம்பிடித்தால் நோயைச் சொல்லும் செயலியோடு செகெலா அங்கே போய் இறங்கினாள். ஜீப்பின் கதவில் துறையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

ஊர்த் தலைவர் அம்போகிலே அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"போலி விதை வந்துச்சு, போலி உரம் வந்துச்சு. இப்ப புத்தியிலயும் போலியா? அதை வண்டியிலயே எழுதிக்கிட்டு வேற வர்றீங்க!"

"ஐயா, போலின்னு அர்த்தமில்ல. மனுஷங்க செஞ்சதுன்னு..."

"அந்த உரத்தையும் மனுஷங்கதாம்மா செஞ்சாங்க."

செகெலா வண்டியைத் திருப்பினாள். மலை இறங்கும்போது யோசித்துப் பார்த்ததில், போலி என்ற சொல்லின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மற்ற சொல்தான் உறுத்தியது. செயலி ஏகப்பட்ட இலைப் படங்களைப் பார்த்து வைத்திருக்கிறது. புது இலை எதன் சாடையில் இருக்கிறது என்று ஊகிக்கிறது. இதில் அறிவு எங்கே வந்தது?

ஆட்சிக்குழுக் கூட்டத்தில் எழுந்து அதையே சொன்னாள்.

"'அறிவு'ங்கிறதை எடுத்துடலாம் சார். கணக்குப் போட்டு ஊகிக்கிற துறைன்னு வச்சுக்கலாம். அதுதான் நெசம்."

கல்லூரி முதல்வர் கசம்பாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊகிக்கக் கத்துக்கிட்டு வாடான்னு எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்? ஒரு சொல்லை எடுக்கணும், அவ்வளவுதானே? எதுன்னு நான் சொல்றேன்."

பெயின்டர் வந்து துறை வாசல் பலகையில் 'போலி'யை அழித்துவிட்டுப் போனார். 'அறிவுத் துறை' என்று பலகை நின்றது. இயற்பியல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அப்ப நாங்கல்லாம் என்ன துறை மேடம்?" என்று கேட்டார்.

ஜீப்பின் கதவை மட்டும் வெறும் வெள்ளையாக அடிக்கச் சொல்லி, மறுபடி துக்குயு போனாள்.

"இது இலையைப் பாத்து ஊகிக்கும்யா. சில நேரம் தப்பாவும் சொல்லும்."

"நம்ம விவசாய அதிகாரி மாதிரியா?" என்றார் அம்போகிலே. "சரி, இறங்கும்மா."

மழை விட்ட ஒரு காலையில், பலகையைப் பார்த்துவிட்டு ஓர் அம்மாள் கணவரோடு துறைக்குள் வந்தாள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தார்.

"இவருக்குக் கொஞ்சம் அறிவு வரணும். எத்தனை நாளாகும்?"

"இங்க அதெல்லாம் கிடையாதும்மா. நாங்க வெறுமனே ஊகிக்கிறோம்."

"அதைத்தான் இவர் கல்யாணமான நாள்லேர்ந்து செஞ்சுக்கிட்டிருக்காரே!" என்று அவள் எழுந்து வெளியே நடந்தாள்.

கணவர் வாசலில் ஒரு கணம் நின்றார். தொப்பியை நெஞ்சில் வைத்து, செகெலாவுக்கு மனதார நன்றி சொல்லிவிட்டுப் போனார்.