நான்காம் குரல்

ஹைக்கோ வந்து சொன்னபோது நான் தொத்திறைச்சிகளைப் புகைக்கூண்டில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். கைகள் இரண்டும் பன்றிக்கொழுப்பு.

"அத்தை, நான் பெர்த்துக்குப் போறேன். வேலை கெடச்சிருச்சு. பதினெட்டாம் தேதி ஃப்ளைட்."

"நல்லதுடா" என்றேன். உடனேயே, "விழா இருபத்தி நாலு" என்றேன்.

"தெரியும் அத்தை." அவன் என் முகத்தைப் பார்க்காமல் நாயைத் தடவிக்கொண்டு நின்றான்.

எங்கள் ஊர் லிண்டன்டால். எங்கள் முன்னோர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வட ஜெர்மனியிலிருந்து கப்பலேறி, மாட்டுவண்டிகளில் ஜூலு மக்களின் இந்த மலைப்பக்கம் வந்தவர்கள். தங்களுக்கு வீடு கட்டும் முன்பே கோயில் கட்டினார்கள், கோயிலுக்கு மணி வாங்கும் முன்பே பித்தளை வாத்தியங்களை வரவழைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுவட்டாரத்து ஜெர்மன் சபைகளின் வாத்தியக் குழுக்களெல்லாம் ஒரே மைதானத்தில் கூடித் துதிப்பாடல்கள் வாசிப்பது வழக்கம். இந்த வருஷம் நடத்தும் முறை எங்களுடையது. நான் சிறுமியாக இருந்தபோது குழுவில் முப்பது பேர். இப்போது எட்டு, ஹைக்கோ போனால் ஏழு. எங்கள் பாட்டுக்கு நான்கு குரல்கள் உண்டு. நான்காவது குரல் அடிநாதம். அதை டூபா என்ற பெரிய பித்தளைக் குழலில் வாசிக்கிறவன் ஹைக்கோ. நான்கு குரலும் இல்லாத சபை விழா நடத்தக்கூடாது என்பது விதி.

குழுவை நடத்துகிறவள் நான்தான். அன்றைய தினத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆகஸ்டுக் காற்று வேறு. எல்லாப் பண்ணைகளிலும் தீத்தடுப்புக்காக வரப்போரப் புல்லை எரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் சாம்பல் பறந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டேன். காரை எடுத்துக்கொண்டு சபைக்கூடம் வரை போவேன், எதற்கு வந்தோமென்று தெரியாமல் திரும்புவேன்.

"அடிக்குரல் இல்லாட்டி என்ன" என்றார் ஏர்ஹார்ட் மாமா. சபைத் தலைவர், எழுபத்தொரு வயது, டெனார் ஹார்ன் வாசிப்பவர். "நான் கீழ எறங்கி ஊதிடறேன்."

"மாமா, நீங்க இப்ப இருக்கற எடத்துலயே மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். செத்தா கல்லறை பக்கத்துலதானே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பிரேமனிலிருந்து மகள் வீப்கே கூப்பிட்டாள். அவள் அப்பா இறந்து ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமாக அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"நீ எப்பம்மா வர்றே? யாருக்காக அந்தக் குழாயை ஊதிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"அங்க யாரும் ஊதறதில்லியா?"

"ஊதறாங்க. எல்லாரும் உன்னைவிடக் கிழவங்க. உனக்கு இங்க கிராக்கிதான்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு முற்றத்தைச் சுற்றி நான்கு முறை நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிழக்கு வேலி அறுபட்டுக் கிடந்தது. பதினொரு கிடாரிகளைக் காணவில்லை. கால்நடைத் திருட்டுப் பிரிவிலிருந்து சார்ஜன்ட் பெகானி சிமெலானே வந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. வேலியைப் பார்த்து, சாணத்தைக் காலால் புரட்டி, தடத்தைப் பார்த்துவிட்டு, வாக்குமூலம் எழுதச் சமையலறை மேசைக்கு வந்தார். மேசை முழுக்க விழாவுக்கான இசைத்தாள்கள். தள்ளிவைக்கப் போனேன். அவர் கையமர்த்தினார். ஒரு தாளை எடுத்து, பேனா நுனியால் கீழ்வரியில் தட்டிக்கொண்டே மெல்ல முனகினார். சரியான சுருதியில், சரியான காலப்பிரமாணத்தில்.

"பாபா, உங்களுக்கு இது படிக்க வருமா?" என்று ஜூலுவில் மரியாதையாகக் கேட்டேன்.

"வராமயா முப்பது வருஷமா டூபா ஊதறேன்?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எம்தோம்பேனி மிஷன் சபை. எங்கள் முன்னோர்களோடு ஒரே கப்பலில் வந்த பாதிரியார்கள் தொடங்கியது. அங்கேயும் வாத்தியக் குழு உண்டு. தெற்குக் காற்றடிக்கும்போது அது எங்கள் வயல் வரை கேட்கும். நான் அதைக் காற்றின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், அங்கே யார் ஊதுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"பாட்டு ஒண்ணுதாம்மா. வார்த்தைதான் வேற" என்றார். "ஆனா எங்க டூபாவுல மூணாவது கட்டை எறங்காது. அந்த சுரம் வர்றப்பல்லாம் சுத்தி வளைச்சுப் போவேன்."

கேட்பதா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டேன். "இருபத்தி நாலாம் தேதி எங்களோட வாசிக்க முடியுமா? எங்ககிட்ட நல்ல டூபா இருக்கு."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். "தெரியும். அது எங்க டூபா."

"எது?"

"அறுபத்தி நாலுல உங்க ஆளுங்க வண்டி போட்டு வந்து எடுத்துட்டுப் போனாங்க. எங்கப்பா கையிலேர்ந்து."

"இல்ல பாபா, அப்படி இருக்காது."

அவர் கோபப்படவில்லை, வாதாடவும் இல்லை. "நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிறவங்களாச்சே. எடுத்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கிடாரிகளின் சூட்டுக்குறி, காதுவெட்டு எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மதியமே சபைக்கூடத்துப் பீரோவைத் திறந்து குழுவின் குறிப்பேடுகளை இறக்கினேன். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது இரண்டு பேர்தான், நானும் ஏர்ஹார்ட் மாமாவும். 1934: அறுபதாம் ஆண்டு விழாவின் நன்றிக் காணிக்கையாக டூபா ஒன்று எம்தோம்பேனி சபைக்கு நிரந்தரமாக அளிக்கப்பட்டது. முப்பது வருஷம் தாண்டிப் புரட்டினேன். 1964 மே: பாதுகாப்புக் கருதி எம்தோம்பேனியிலிருந்து டூபா திரும்பக் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பு இல்லை.

கீழே செயலாளர் கையெழுத்து. என் அப்பாவுடையது. எங்கள் வீட்டு ஜாம் பாட்டில்களில் வருஷம் எழுதி ஒட்டிய அதே சாய்ந்த எழுத்து. 'எதிர்ப்பு இல்லை' என்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்க்க முடிந்திருக்குமா சிமெலானேயின் அப்பாவால், வெள்ளையர் ஆட்சியின் அந்த வருஷத்தில்?

வியாழக்கிழமை ஒத்திகையில் அதைச் சத்தமாகப் படித்தேன். ஒருவர் வாத்தியத்து எச்சிலை வடித்தார்.

"பொண்ணே" என்றார் ஏர்ஹார்ட் மாமா, "அது உங்கப்பா எழுத்து. செத்தவரை எதுக்கு இழுக்கறே?"

"இழுக்கலை மாமா. படிக்கறேன்."

"விழா முடியட்டும். சபைக்குழுவுக்கு எழுதிப் போடுவோம். பரிசீலனை பண்ணட்டும்."

"பரிசீலனைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? கூடத்துக் கூரை ஒழுகறதையே ஒன்பது வருஷமா பரிசீலிக்கறோம்."

"டூபாவும் போயிட்டா நம்ம கையில என்ன மிச்சம்?" அவர் குரல் ஏறியது. "பள்ளிக்கூடம் போச்சு. பிள்ளைங்க போச்சு. இந்த எட்டுப் பித்தளையாவது இருக்கட்டுமேன்னா..."

"இப்ப மட்டும் என்ன இருக்கு மாமா? ஊத ஆள் இல்லாத டூபா இருக்கு."

அவர் எழுந்துபோய் வாத்திய அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏர்ஹார்ட் மாமா அவர்களுக்கெல்லாம் ஞானஸ்நானச் சாட்சி நின்றவர்.

மறுநாள் பட்டப்பகலில் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். பூட்டைத் தொடவில்லை. கீல்களைக் கழற்றினேன். ஆறு திருகு. கதவு பூட்டோடு என் கைக்கு வந்தது. டூபாவைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டு, ஆற்றின் தாழ்பாலம் தாண்டிப் போனேன். திருடுகிறேனா, திருப்பிக் கொடுக்கிறேனா என்று எனக்கே திட்டமாகச் சொல்ல வரவில்லை.

சிமெலானே வீட்டு வாசலில் பைப்படியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. வண்டிக்குள் பார்த்தார். ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"விழாவுக்கு வரணும்னு இல்ல" என்றேன். "அதுக்காகக் கொண்டுவரல."

அவர் டூபாவை வாங்கி, மூன்றாவது கட்டையை அழுத்தினார். இறங்கியது, ஏறியது. மறுபடி அழுத்தினார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி வந்து, "அவர் உடனே பேச மாட்டார்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ ஒரு சொல் இல்லை. நான் வீடு திரும்பினேன்.

ஏர்ஹார்ட் மாமா சனிக்கிழமை காலையில் வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"திருட்டு! சபைச் சொத்து! போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன்!"

"குடுங்க மாமா. டூபாவுக்குக் கொம்பு இருந்தா சிமெலானேவே வந்து எழுதிக்குவாரு."

ஒரு கணம் அவர் உதடு சிரிப்பில் துடித்தது. அடக்கிக்கொண்டார். "உங்கப்பா இருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் படியிறங்கிப் போனார்.

அடுத்த எட்டு நாளும் எப்படிப் போயிற்றென்று கேட்காதீர்கள். ஹைக்கோவை வழியனுப்பினோம். விழாவை ரத்து செய்கிறோம் என்று மற்ற சபைகளுக்குக் கடிதம் எழுதினேன், கிழித்தேன், எழுதினேன், கிழித்தேன். துணி காயப்போடும்போது, மாட்டுக்கு உப்பு வைக்கும்போது, சாலையில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் தலை தானாகத் திரும்பியது. ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கொடுத்த பிறகு கேட்டால் அது கொடுத்ததாகாது. போனை வைத்துவிட்டேன்.

இருபத்தி நாலாம் தேதி பத்துச் சபையிலிருந்தும் வந்துவிட்டார்கள். ரக்பி மைதானத்தில் நூற்றுச் சொச்சம் வாத்தியங்கள். நாற்பது தட்டு கேக். தொடக்கப் பாட்டு நடத்தும் சபையுடையது. பத்தரை மணிக்கு. பத்து இருபதுக்கு எங்கள் வரிசையில் ஏழு நாற்காலியில் ஆள், எட்டாவது காலி. மற்ற சபைக்காரர்கள் காணாதது போல் காபி குடித்தார்கள்.

பத்து இருபத்தைந்துக்குப் போலீஸ் வண்டி ஒன்று மைதானத்து ஓரம் வந்து நின்றது. சிமெலானே சீருடையிலேயே இறங்கினார். டூட்டியாம், மதியம் போக வேண்டுமாம். டூபா வெயிலில் பளபளத்தது, யாரோ நாள்கணக்காகத் தேய்த்திருந்தார்கள். பின்னால் இன்னும் ஐந்து பேர் வாத்தியங்களோடு இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மாள் எம்தோம்பேனி குழுவை நடத்துகிறவர், தெம்பெகிலே, சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஒரு நாற்காலிதான் போட்டிருக்கீங்க" என்றார் அவர். "எங்களை எண்ணத் தெரியாதா?"

கேக் மேசையிலிருந்து பெண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஏர்ஹார்ட் மாமா எழுந்தார். இடம் விடுகிறார் என்று நினைத்தேன். ஹார்னைப் பெட்டியில் வைத்து மூடி, மைதானத்தைக் கடந்து தன் காருக்குப் போனார். நூறு பேர் பார்க்க, கார் புழுதி கிளப்பிப் போயிற்று. என் முகம் எரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். தெம்பெகிலே, "மணி ஆச்சு" என்றார்.

கையை உயர்த்தினேன். முதல் மூன்று குரலும் எங்களுக்குப் பழகிய மாதிரியே எழுந்தன, மெலிந்து, கொஞ்சம் பயந்து. அப்புறம் சிமெலானே அடியிலிருந்து வந்தார். மைதானத்துக்குக் கீழே தரை போட்டது போலிருந்தது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என் கால்கள் நின்ற இடத்தில் நின்றன. அந்தப் பாட்டு முடியும் வரைதான். முடிந்ததும் என் கண் தானாகவே சாலைப் பக்கம் போய்விட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிடாரிகளில் நான்கு கிடைத்தன. அக்டோபரில் இன்னும் இரண்டு குடும்பங்கள் கிளம்பின. லிண்டன்டால் குழு கூடுவது நின்றது. டூபா எம்தோம்பேனியில் இருக்கிறது. குறிப்பேட்டில் நானே எழுதினேன்: உரியவர்களிடம் சேர்க்கப்பட்டது. எதிர்ப்பு உண்டு. வியாழக்கிழமைகளில் நான் ஆற்றைத் தாண்டிப் போய் அங்கே வாசிக்கிறேன். குழுவை நடத்தியவள், இப்போது இரண்டாம் வரிசையில் மூன்றாவது ட்ரம்பெட்.

"இர்மெலாம்மா" என்று தெம்பெகிலே நிறுத்துவார், "யாரையோ புதைக்கற மாதிரி ஊதறீங்க. நாங்க நடந்துக்கிட்டே ஊதறவங்க. காலை எடுங்க, காலை!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் காலை எடுப்பேன், சுரம் போய்விடும். வீப்கேயிடம் பிப்ரவரியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மார்ச் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி மழையில் தாழ்பாலத்தில் தண்ணீர் ஏறியது. அந்த வியாழக்கிழமை என் வாசலில் ஏர்ஹார்ட் மாமாவின் உயரமான வண்டி வந்து நின்றது. ஐந்து மாதம் கழித்து.

"உன் வண்டி பாலத்துல நிக்காது. ஏறு."

உள்ளே வர மாட்டேன் என்றார். ஒத்திகை முடியும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பாதி வழியில் கண்ணாடியை ஏற்றினார்.

"அந்த ரெண்டாவது ட்ரோம்போன்காரன் தாளத்துல முந்தறான்" என்றார் திடீரென்று.

"அடுத்த வாரம் உள்ள வந்து அவன்கிட்டயே சொல்லுங்க."

"எந்த பாஷையில?"

"உங்களுக்கு என்னைவிட நல்லா ஜூலு வரும் மாமா."

மழை கண்ணாடியில் அடித்தது. அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே போனார். என் வீட்டு வாசல் தாண்டிப் போய்விட்டது. சொன்னேன். முனகிக்கொண்டே சேற்றில் வண்டியைத் திருப்பினார்.