புதுத் தொப்புளுக்கு ஒரு மாவிளக்கு

என் தொப்புளை என் புருஷனைவிட நன்றாகத் தெரிந்த ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி உண்டு. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு நான் படுத்துக் கிடந்த நாற்பது நாளும் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டவள் அவள்தான். "என்ன புள்ள, ஒன் தொப்புளு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கு?" என்று தினமும் சிரிப்பாள். உண்மைதான். தொங்கிப்போன தோல் அதன் மேல் கவிந்து, அழப்போகிற வாய் மாதிரிதான் இருந்தது.

ஆறு வருஷம் அந்த வயிற்றோடு தோட்டத்து டீக்கடையில் வேலை பார்த்தேன். டீக்கடை என்றால் பெஞ்சுக் கடை இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி கண்ணாடி போட்டு, கோலாலம்பூர்க்காரர்கள் வரிசையில் நின்று கேக் வாங்கும் கடை. வாரத்துக்கு ஒரு புண்ணியவதியாவது "எத்தனை மாசம்?" என்று கேட்பாள். நம் ஆட்கள் என்றால் "நின்னுக்கிட்டே வேலை செய்யாதம்மா" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலில் "இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் படும் சங்கடத்தையும் நானே பார்க்க வேண்டியிருந்ததால், அப்புறம் "அஞ்சு மாசம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். போன வருஷம் ஒரு அம்மாள் கல்லாவைத் தாண்டிக் கையை நீட்டி என் வயிற்றைத் தடவி வாழ்த்தினாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஈப்போவில் இருக்கும் என் தங்கச்சி ரூபினி டாக்டரைக் கண்டுபிடித்தாள். விலகிப்போன தசையை இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுத்து, வயிற்றைச் சீர் செய்யும் ஆபரேஷன். தொப்புளுக்கு அதில் தனிக் கதை. அது இருந்த இடத்தில் காம்போடு அப்படியே நிற்குமாம். மேல் தோலைக் கீழே இழுத்துத் தைத்த பிறகு, அதற்கு நேராகப் புதிதாக ஒரு வாசல் வெட்டி அதை வெளியே எடுத்து, ஓரத்தைத் தைப்பார்களாம். டாக்டர் கம்ப்யூட்டரில் படம் காட்டினார். வட்டம், நீளவாக்கு, மேலே சின்னக் கூரை வைத்தது. கல்யாணப் புடவைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. கூரை வைத்த நீளவாக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டில் ஹெர்னியா என்றேன், தொப்புள் வழியாகக் குடல் பிதுங்கியிருக்கிறது என்று. தசையையும் தைத்தார்கள் அல்லவா, முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்க ஒரே கேள்விதான் வரும்: "யாருக்குக் காட்ட?" எனக்குத்தான் என்று பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் திருமாறன் மலை மேலே திரிங்காப்பிலிருந்து கீழே ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ரத்தம் பார்த்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேர ஆபரேஷன் என்று நான் சொல்லியிருந்தேன். நாலு மணி நேரம் ஆனது. மனுஷன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, நான் செத்தே போய்விட்டேன் என்று முடிவு கட்டி, தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார்.

"உயிரோட குடுத்துரு தாயே, ஆடித் திருவிழாவுல இவ வயித்துலயே மாவிளக்கு ஏத்துறேன்னு வேண்டிக்கிட்டேன் தனு" என்று, எனக்கு மயக்கம் தெளிந்ததும் அழுதுகொண்டே சொன்னார். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழி பறித்து, நெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. நோய் இருந்த இடம் எதுவோ அங்கே அதை வைத்து ஏற்றிக்கொண்டு, அம்மன் முன்னால் மல்லாந்து படுக்க வேண்டும். எனக்கு நோய் இருந்த இடம் என்று எல்லாருக்கும் தெரிந்தது தொப்புள்.

திருவிழாவுக்கு மூன்று மாசம் இருந்தது. அதற்குள் எப்படியாவது தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

வயிற்றைக் காட்டாமல் இருப்பது பெரிய பாடாக இல்லை. எந்நேரமும் இறுக்கமான பெல்ட் போட்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். புதுத் தொப்புள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் இருக்க, கோலிக்குண்டு ஒன்றை அதில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டித் தூங்க வேண்டும். ஒரு நாள் காலையில் அது மெத்தையில் உருண்டு கிடந்ததைத் திருமாறன் எடுத்து, "பசங்க வேலைலா" என்று ஜன்னலில் வைத்தார். புண்ணைப் பார்க்க அவரும் கேட்கவில்லை, பயம்.

பெரிய பாடு வேறு. தொப்புளைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வயிறு மரத்துக் கிடந்தது. கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். சூடு எதையும் கிட்டே கொண்டுபோகாதே, தோல் வெந்தாலும் உனக்குத் தெரியாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அதே இடத்தில்தான் விளக்கு ஏற்றப் போகிறார்கள்.

டாக்டர் சூடு ஆகாது என்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பர் குடு, நானே அவருகிட்ட பேசுறேன்" என்றார் திருமாறன். உடனே, இல்லை இல்லை, சுடுதண்ணிப் பையைத்தான் சொன்னார் என்று மழுப்பினேன். தீட்டு நாள் என்று சொல்லலாம் என்றால், செல்லம் அக்கா என் நாளையெல்லாம் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் அன்போடு கதவைச் சாத்தினார்கள்.

ரூபினி போனில் திட்டினாள். "மாமாகிட்ட சொல்லித் தொலைக்கா. என்ன, அடிச்சிருவாரா?"

அடிக்கிற ஆளாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால், அவரோடு லோரியில் போனேன். கியா பார்ம் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வண்டி நகரவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று, "ஏங்க, அந்த ஆபரேஷன்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சே எடுக்காத தனு. அன்னையிலேருந்து சிகரெட்டத் தொடல, பாத்தியா? செல்லம் அக்காவும் கறி மீனு ஒண்ணும் தொடலியாம். 'நானும் ஒங்கூட வேண்டிக்கிட்டேன் தம்பி'ன்னு நேத்துதான் சொன்னாங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. "என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லங்க. ஸ்ட்ராபெரி வாங்கலாமான்னு கேக்க வந்தேன்."

திருவிழா அன்று காலையில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து வயிற்றில் அப்பினேன். அதன் மேல் மஞ்சள் துணியைச் சுற்றினேன். துணிக்கு மேலேயே இலையை வைக்கட்டும் என்று கணக்கு. கோயிலில் செல்லம் அக்கா பெண்களை வரிசையாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். விரதத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"துணியோடயே இருக்கட்டும், பரவால்ல" என்று சொல்லி வாழையிலைத் துண்டை வைத்தாள். "பயப்படாத. நோவு போயிருந்தா சூடு தெரியாது. சூடு தெரிஞ்சுச்சுன்னா உள்ள இன்னும் இருக்குன்னு அர்த்தம்."

"இருந்தா நாளைக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துரலாம்க்கா" என்றார் என் தலைமாட்டில் நின்ற திருமாறன்.

ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தால், இது என்ன ஆபரேஷன் என்று டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். திருமாறன் பக்கத்திலேயே நிற்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விளக்கை ஏற்றினார்கள்.

எனக்கு வயிற்றில் அந்தப் பக்கம் உணர்ச்சி இருந்தது, இந்தப் பக்கம் இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. மேளம் அடித்தது. இரண்டு ஆள் தள்ளிப் படுத்திருந்த பெண் "ஆத்தா, சுடுது, சுடுது" என்று நெளிந்தாள். அவளுக்கு விளக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார்கள். நான் மரக்கட்டையாகக் கிடந்தேன். பெண்கள் என்னைக் காட்டி என்னவோ பேசிக்கொள்வது கேட்டது.

திடீரென்று வலது இடுப்பில் சுருக்கென்றது. அங்கே எனக்கு உணர்ச்சி உண்டு. கொதிக்கிற நெய், ஒரே ஒரு சொட்டு. சுரீரென்று காந்தியது. மலைக் குளிருக்கு மாவு வெடித்து, நெய் கசிந்திருக்கிறது என்று புரிந்தது. இடுப்புக்கு ஒரு சொட்டு வந்தது என்றால், அது வயிறு முழுக்க நடந்துதான் வந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரமும் துணி அதை உறிஞ்சி, அந்த மரத்த தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சம், நான் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த குழியில் போய்த் தேங்கியிருக்கிறது.

சுடுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துவிடுவார்கள். வாயைத் திறந்தேன். தலைமாட்டில் திருமாறன் கண்ணை மூடிக் கைகூப்பி, "தெரியக் கூடாது தாயே, அவளுக்குச் சூடு தெரியக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். திரி அணைய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. என் உடம்பு வேகிறது என்று தெரிந்தும், சும்மா படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை.

விளக்கை எடுத்ததும் ஆண்கள் எல்லாரும் தீர்த்தம் வாங்க நகர்ந்தார்கள். செல்லம் அக்கா குனிந்து இலையை எடுத்தாள். துணியை உரித்தாள். மஞ்சளும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

அவள் கை அப்படியே நின்றது. நிமிர்ந்த, சின்னப் புதுத் தொப்புள். அதைச் சுற்றி வெள்ளையாகக் கொப்பளித்த தோல். கீழே, இடுப்பிலிருந்து இடுப்புக்கு ஓடும் தையல் கோடு. நாற்பது நாள் எண்ணெய் தேய்த்த கைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"இது ஹெர்னியா இல்ல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மூணு மாசம்டி. எம் பேரன் பொறந்த நாளைக்குக் கோழி பெரட்டுன சட்டிய எங்கையால கழுவிட்டு, தயிர்ச் சோறு தின்னேன். ஒனக்காக."

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா." அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருமாறன் தீர்த்தத்தோடு ஓடி வந்தார். "அக்கா, எப்படிக்கா? சூடு தெரிஞ்சுச்சா அவளுக்கு?"

செல்லம் அக்கா என் புடவைத் தலைப்பை எடுத்து, பிள்ளைக்குப் போர்த்துகிற பக்குவத்தோடு என் வயிற்றை மூடினாள். காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அசையவே இல்ல தம்பி. ஆத்தா ஏத்துக்கிட்டா." அவர் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்திருக்கும் வரைக்கும் பொறுத்திருந்து, அவள் சொன்னாள்: "ஆனா ஒரு வருஷத்தோட விடக் கூடாது. மூணு வருஷம் ஏத்தணும். அடுத்த தடவ துணி வேணாம், வெறும் வயித்துலயே ஏத்தலாம். என்ன தனுஜா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சரிக்கா" என்றேன்.

"இப்பவே வேண்டிக்கிறேன்க்கா" என்று திருமாறன் சந்நிதியைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

மறுநாள் அவர் லோரி எடுத்துப் போன பிறகு டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்தேன். சுடுதண்ணி கொட்டிவிட்டது என்றேன். இன்னொரு பொய், கணக்கில் சேரட்டும். நர்ஸ் போட்டோ அனுப்பச் சொன்னாள். களிம்பு போடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், தொப்புள் வடிவத்துக்கு ஒன்றும் ஆகாது என்றாள். சூடு தெரியவே இல்லை என்று நான் சொன்னதும், பாவம், ஆறுதலாக இன்னொன்றும் சொன்னாள்.

"மரத்துப்போச்சேன்னு கவலப்படாதீங்கக்கா. ஒங்களுக்கு நல்லா ஆறிட்டு வருது. வர்ற சித்திரைக்குள்ள அங்க எல்லாமே பழையபடி தெரிய ஆரம்பிச்சுரும்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். ஆடி, சித்திரைக்கு அப்புறம்தான் வருகிறது.