அடி வாங்கிய காது

வலைப்பதிவுக்காரியின் இடது காது, நகராட்சிக் காவலாளி அறைந்ததில் செவிடான அன்று மாலையே நகர்மன்றக் கூட்டத்தைக் கேட்கத் தொடங்கியது. குக்கர் சத்தமோ மகள் கூப்பிடுவதோ அந்தக் காதில் விழவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் உறுப்பினர்கள் பேசுவது மட்டும், நாற்காலி இழுபடுவது உட்பட, தெளிவாகக் கேட்டது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி என்று அவள் எழுதியதை நகரத்தில் பாதிப் பேர் படித்தார்கள். ஆனாலும் மன்றத்தில் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் நாற்காலி, தேநீர், தீர்மான நகல் எல்லாம். "ப்ளாக்னா வீட்ல உக்காந்து எழுதுங்க, இங்க என்ன வேலை?" என்று காவலாளி மறித்தான். "அவங்களுக்குக் குடுக்குற காகிதத்த எனக்கும் குடுங்க, போயிடறேன்" என்றாள். அதற்குத்தான் அந்த அறை. கம்மல் தெறித்து, ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

சந்தைக்குப் பின்னாலிருந்த வீடுகளை முன்னறிவிப்பில்லாமல் விடியும்போதே இடிப்பது என்று நகர்மன்றத் தலைவர் முடிவு செய்ததை அந்தக் காது கேட்டது. அவள் அதை எழுதினாள். எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதினாள். விடிந்தபோது சந்தைக்காரர்கள் கடப்பாரைகளோடு நின்றார்கள். இடிக்க வந்த இயந்திரத்தின் ஓட்டுநரை இழுத்துப்போட்டுத் தாடையை உடைத்தார்கள். போலீஸ் சுட்டதில் கறிக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து செத்தார்கள். வீடுகள் தப்பின. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் எழுதாம இருந்திருந்தா?" என்று கணவரிடம் கேட்டாள். "தூங்கிட்டிருந்தவங்க மேல செவுரு விழுந்திருக்கும்" என்றார் தையல்காரரான அவர், ஊசியில் நூல் கோத்தபடி.

அவள் பதிவைத் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்ட மற்ற பதிவர்களைத் தலைவரின் ஆட்கள் தேடிப்பிடித்து அடித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரரின் மண்டை பிளந்தது. பேக்கரிப் பெண்ணை ஷட்டரில் மோதினார்கள். செவிடான ஒவ்வொரு காதும் மறுநாளே மன்றத்தைக் கேட்டது, எழுதியது. கடைசியில் அவள் வீட்டுக்கே வந்து வலது காதையும் கிழித்துச் செவிடாக்கிவிட்டு, தடுத்த கணவரின் விரல்களைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்து நசுக்கினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் மன்றத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அடிக்க அடிக்கக் காதுகள் பெருகுவதைப் பார்த்த தலைவர் அடிப்பதை நிறுத்தினார். சில வருடங்களில் அரங்கக் கதவையே கழற்றிவிட்டார்கள். பதிவர்களுக்கும் நாற்காலி போட்டு, நகல் கொடுத்தார்கள். அவள் போகவில்லை, வீட்டிலேயே எல்லாம் கேட்டது. தையல்காரர்தான் போனார். அங்கே பேசினால்தானே அவளுக்குக் கேட்கும். கூட்டம் முடிந்ததும், கோணிப்போன விரல்களால் மைக்கைப் பிடித்துக்கொள்வார். "பொண்ணுக்கு வேலை கெடச்சிடுச்சு. நீ அழுவேன்னு தெரியும், அழு. மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்துரு." உறுப்பினர்கள் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை நிற்பார்கள். எழுத்தர் அதையும் அன்றைய கூட்டக் குறிப்பில் சேர்த்துவிட்டுப் பேனாவை மூடுவார்.